ஐந்தாண்டில் ஒரே ஒரு நிமிடம்

நேரத்தை மிச்சப்படுத்தும் வழியை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். ஒரு வீட்டுக்குள் அந்த நேரம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு வாரம். எங்கள் வீட்டில் எண்ணிப் பார்த்த கதை இது.

அதிகாலை 4.50. ராத்திரி அரைத்து வைத்த மாவு பொங்கி, பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வழிந்திருக்கிறது. துடைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கிறேன். ஒரு பக்கம் பால், இன்னொரு பக்கம் குக்கர். மோட்டார் போட வேண்டும். அதற்கு முன் சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இஸ்திரிக்குப் போன மகனின் சட்டை இன்னும் வரவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வருகிறது. சிலிண்டர் புக் பண்ணி மூன்று நாளாகிறது. மகளுக்கு இன்று ஓவிய வகுப்பு, சார்ட் பேப்பர் வாங்கவில்லை. பள்ளி வேன் 7.20-க்கு வரும். 8.05 மின்சார ரயிலைப் பிடித்தால்தான் நான் நேரத்துக்கு அலுவலகம் போய்ச் சேர முடியும்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்த ஒரு நாள், நேர மேலாண்மை பற்றிய ஒரு புத்தகத்தைத் திறந்தேன். ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும், வீடு விழிக்கும் முன் கிடைக்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்தை நமக்கென்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். நான்தான் ஐந்துக்கு முன்பே எழுந்துவிடுகிறேனே. என்னுடைய அந்த ஒரு மணி நேரம் எங்கே போகிறது?

புத்தகத்தை மூடிவிட்டேன். கேள்வி மட்டும் என்னோடு கூடவே வந்தது.

நாடே எழுதிய நாட்குறிப்பு

இதே கேள்வியை இந்திய அரசும் கேட்டிருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019 ஜனவரி முதல் டிசம்பர் வரை நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. பெயர், நேரப் பயன்பாட்டு ஆய்வு. நேற்று அதிகாலை 4 மணியிலிருந்து இன்று அதிகாலை 4 மணி வரை என்னென்ன செய்தீர்கள் என்பதுதான் அதன் மையக் கேள்வி. 1,38,799 வீடுகளில், ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன 4,47,250 பேரிடம் ஒரு நாளை அரைமணி நேரத் துண்டுகளாக்கிக் கேட்டு எழுதினார்கள். இதற்கு முன்னோடியாக 1998-99-ல் ஆறு மாநிலங்களில் ஒரு சோதனை ஆய்வு நடந்தது. அந்த ஆறில் தமிழ்நாடும் ஒன்று.

2019-ன் முடிவு இது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம், சராசரியாக 299 நிமிடங்கள். அதே வேலையில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். இந்த 97-ம் அந்த வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரிதான். பெண்களில் 81.2 சதவீதம் பேர் அன்றைய நாளில் வீட்டு வேலை செய்திருந்தார்கள்; ஆண்களில் 26.1 சதவீதம் பேர். நான்கு ஆண்களில் ஏறக்குறைய மூன்று பேர் அன்று ஒரு டம்ளரைக்கூடக் கழுவவில்லை என்று பொருள்.

2024-ல் மறுபடியும் கணக்கெடுத்து, 2025 பிப்ரவரியில் முடிவுகளை வெளியிட்டார்கள். பெண்களுக்கு 289 நிமிடங்கள், ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று மகிழ்ந்து, பக்கத்து எண்ணைப் பார்த்தேன். ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. 2019-ல் இருவருக்கும் இடைவெளி 202 நிமிடம். 2024-ல் 201. நடுவில் கொரோனா வந்தது. வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்த நாட்கள் வந்தன. பத்து நிமிடத்தில் காய்கறியைக் கொண்டுவந்து தரும் செயலிகள் வந்தன. இத்தனைக்கும் பிறகு, ஐந்தாண்டில் இடைவெளி குறைந்தது ஒரே ஒரு நிமிடம்.

நம் பழைய அளவில் ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். நாள் முழுவதற்கும் அறுபது நாழிகை. அந்த அறுபதில் பெண்ணின் பன்னிரண்டு நாழிகை அடுப்படிக்கும் துடைப்பத்துக்கும் துவைகல்லுக்கும் போகிறது. வாரக் கணக்கில் ஏறத்தாழ 34 மணி நேரம். குழந்தை, முதியோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு. அதிலும் அந்தப் பொறுப்பைச் சுமக்கும் பெண்களுக்கு 2024-ல் சராசரி 137 நிமிடம், ஆண்களுக்கு 75.

எங்கள் வீட்டு நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். ஆய்வில் செய்ததைப் போலவே அதிகாலை 4 முதல் மறுநாள் அதிகாலை 4 வரை அரைமணிக்கு ஒரு வரி. வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், அத்தை, பதினான்கு வயது மகன், பன்னிரண்டு வயது மகள். எல்லோரும் ஒரு வாரம் அவரவர் நாளை எழுத வேண்டும் என்பது ஏற்பாடு.

எழுதத் தொடங்கும் முன் ஒரு வேலை செய்தோம். ஒவ்வொருவரும் தான் வீட்டு வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுவதாக நினைக்கிறார் என்று தனித்தனிச் சீட்டில் எழுதி வைத்தோம். கணவர் இரண்டு மணி நேரம் என்று எழுதினார். அவர் பொய் எழுதவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். நான் நான்கு மணி நேரம் என்று எழுதினேன்.

வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தோம். கணவருக்கு ஒரு நாளைக்குச் சராசரி 50 நிமிடம். எனக்கு 5 மணி 20 நிமிடம். தன் உழைப்பை அவர் கூட்டிச் சொன்னதைவிட, என் உழைப்பை நானே குறைத்து எண்ணியிருந்தேன் என்பது எனக்குப் பெரிய அதிர்ச்சி. எழுபத்திரண்டு வயது அத்தைக்கு 2 மணி 10 நிமிடம். காய் நறுக்குவது, துணி மடிப்பது, வாசல் தெளித்துக் கோலம் போடுவது என்று அவர் எழுதிய ஒவ்வொரு வரியும் இத்தனை நாள் என் கண்ணில் படாதது.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கடைசி இரண்டு பக்கங்கள். மகனின் பக்கத்தில் பூஜ்யம். அவனைவிட இரண்டு வயது சின்னவளின் பக்கத்தில் 35 நிமிடம். தட்டு எடுத்து வைத்தேன், பாட்டிக்கு மாத்திரை கொடுத்தேன், காய்ந்த துணி எடுத்தேன், அம்மாவுக்குத் தேங்காய் துருவினேன். நாங்கள் யாரும் அவளைத் தனியாக உட்காரவைத்து இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. கூப்பிடும்போது எங்கள் வாயில் அவள் பெயர்தான் வந்திருக்கிறது. நாட்டின் கணக்கில் இருக்கும் 201 நிமிட இடைவெளி எங்கே பிறக்கிறது என்று அந்த ராத்திரி எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அது பிறக்கிறது. பிறக்க வைப்பவர்களில் நானும் ஒருத்தி.

கிரைண்டர் மிச்சப்படுத்திய நேரம் எங்கே?

"எங்க காலத்துல எல்லாமே கையாலதான். உங்களுக்குத்தான் மெஷின் இருக்கே" என்று அத்தை சொல்லுவார். பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமத்தில் ஆட்டுக்கல்லில் அரைத்து வளர்ந்தவர். உளுந்தைத் தனியாக, அரிசியைத் தனியாக அரைத்து எடுப்பதற்குள் ஒரு பொழுதே போய்விடும் என்பார். ஒரு கை குழவியைச் சுற்ற, மறுகை மாவைத் தள்ளிவிட, தோள்பட்டை இற்றுப்போகும்.

அந்த வலியைப் போக்கியது கோயம்புத்தூர். புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டர் தமிழ்ப் பெண்களின் தோளுக்குச் செய்த உபகாரம் பெரிது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது, ஆட்டுக்கல்லும் அம்மியும் மட்டுமே இருந்த வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

அப்படியானால் மிச்சமான நேரம் எங்கே போனது? அத்தையிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்பெல்லாம் இட்லின்னா தீபாவளி, பொங்கல், விருந்தாளி வந்தா. மத்த நாள் பழைய சோறும் களியும்தான். கிரைண்டர் வந்தப்புறம் தினமும் இட்லி, தோசை கேக்க ஆரம்பிச்சிட்டாங்க."

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஜோன் வானெக் என்ற சமூகவியலாளர் 1974-ல் வெளியிட்ட ஆய்வில், 1920-களில் முழுநேர இல்லத்தரசிகள் வாரத்துக்கு 52 மணி நேரம் வீட்டு வேலை செய்ததையும், சலவை இயந்திரமும் குளிர்பதனப் பெட்டியும் வந்துவிட்ட 1960-களில் அது 55 மணி நேரமாக இருந்ததையும் காட்டினார். இயந்திரம் ஒரு வேலையைச் சுலபமாக்கியதும், அந்த வேலையை இன்னும் அடிக்கடி, இன்னும் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்று வீடு எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது. வாரம் ஒரு முறை துவைத்த துணி தினமும் துவைக்கப்படுகிறது. ஒரு குழம்பு இருந்த இடத்தில் இரண்டு கூட்டு, ஒரு பொரியல் வருகிறது. இன்னொரு இயந்திரம் வாங்கினால் நேரம் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

"சொன்னா செய்ய மாட்டேனா?"

நோட்டைக் கூட்டிப் பார்த்த அன்று கணவர் வருத்தத்தோடு கேட்ட கேள்வி இது. மனதாரக் கேட்டார். நானும் மனதாரவே பதில் சொன்னேன். "சொல்றதே ஒரு வேலைங்க. அதுதான் எனக்கு ஓயவே மாட்டேங்குது."

அரசின் ஆய்வு, ஓர் அரைமணிக்குள் பத்து நிமிடமாவது நீடித்த வேலைகளையே குறித்துக்கொள்கிறது. ஒரு கணக்கெடுப்புக்கு அப்படி ஒரு வரம்பு தேவைதான். ஆனால் வீட்டை நடத்தும் பெண்ணின் மூளை இரண்டு இரண்டு நிமிடங்களாகத்தான் தேய்கிறது. உளுந்து ஊறப்போட வேண்டும். அத்தையின் பிரஷர் மாத்திரை நாளையோடு தீர்கிறது. இந்த வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். கல்யாணத்துக்கு மொய் எழுதக் கவர் இல்லை. இவை எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.

சோஃபி லெராய் என்ற மேலாண்மை ஆய்வாளர் 2009-ல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். முடியாத ஒரு வேலையை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகும்போது மனதின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் புதிய வேலையின் தரம் குறைகிறது. அலுவலக வேலையைப் பற்றி அவர் சொன்னது இது. ஒரே நேரத்தில் பதினைந்து முடியாத வேலைகளைத் தலையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழையும் பெண்ணைப் பார்த்து, உற்பத்தித்திறன் போதாது என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நேரம் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும்

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வருகிறார். என் 5 மணி 20 நிமிடம் ஆறரையாக ஆகாமல் இருப்பது அவரால்தான். அவரிடமும் நோட்டைக் காட்டினேன். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க 3.30-க்கு எழுந்திருக்கிறார். நான்கு வீடுகளில் வேலை பார்த்துவிட்டு மத்தியானம் இரண்டு மணிக்குத் தன் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்க உட்காருகிறார். என்னைப் போன்றவர்கள் மிச்சப்படுத்தும் நேரம் அவரிடமிருந்து வாங்கிய நேரம். அவர் யாரிடம் போய் வாங்குவார்?

"என் பேத்திக்குக் கார்ப்பரேஷன் ஸ்கூல்ல காலையில சாப்பாடு போடுறாங்கம்மா. அது வந்தப்புறம்தான் காலையில ஒரு டீயை உக்காந்து குடிக்கிறேன்" என்றார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பிள்ளைகளின் பசியைப் போக்கும் திட்டம் என்றுதான் அதைப் பேசுகிறோம். அது சரியே. அதோடு, விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் பெண்களுக்கு ஓர் அரைமணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்த திட்டம் என்றும் அதைப் பேச வேண்டும். வீட்டு வேலையின் ஒரு பங்கை ஊரே எடுத்துக்கொள்வது ஏழைப் பெண்ணுக்குக் கிடைக்கும் நேர மேலாண்மை.

நீதிமன்றங்களும் இந்த நேரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டன. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்கள், உழைப்பில் ஈடுபடாதவர்கள் என்று கைதிகளோடும் பிச்சைக்காரர்களோடும் ஒரே பிரிவில் வைக்கப்பட்டதை 2010-ல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 2021 ஜனவரியில், ஒரு சாலை விபத்து இழப்பீட்டு வழக்கில் நீதிபதி என்.வி. ரமணா 2019 ஆய்வின் அந்த 299, 97 என்ற எண்களையே எடுத்துக்காட்டி இல்லத்தரசியின் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்றார். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டை நடத்திய மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கிய தமிழக அரசு, அதற்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. உதவி என்று சொல்லாமல் உரிமை என்று சொன்ன அந்தச் சொல் முக்கியமானது.

நாங்கள் செய்து பார்த்தவை

ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் பலன் கொடுத்தவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில், வேலையைப் பிரிப்பதை விட்டுவிட்டுப் பொறுப்பைப் பிரித்தோம். "இந்தத் தேங்காயைத் துருவிக் கொடுங்க" என்று கேட்டால் அது உதவி. காலைச் சாப்பாடு இனி கணவருடையது என்றால் அது பொறுப்பு. நாளைக்கு என்ன என்று முந்தின நாளே யோசிப்பது, உளுந்து ஊறப்போடுவது, சட்னிக்குப் பொட்டுக்கடலை இருக்கிறதா என்று பார்ப்பது, கடைசியில் அடுப்பைத் துடைப்பது வரை அவரே. முதல் இரண்டு வாரம் இட்லி கல்லாக வந்தது. நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் எனக்குக் கடினமாக இருந்தது. ஆனால் நான் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருந்தால் அந்தப் பொறுப்பு அன்றே என்னிடம் திரும்பி வந்திருக்கும்.

இரண்டாவது, தொலைபேசி எண்ணை மாற்றினோம். பள்ளி, வேன், டாக்டர், சிலிண்டர் என்று எல்லா இடத்திலும் என் எண்தான் இருந்தது. பாதியை அவர் எண்ணுக்கு மாற்றினோம். இதைச் செய்ய ஒரு மாலை போதுமானதாக இருந்தது. அலுவலகத்தில் என் கவனம் அறுபட்டுப் போவது பாதியாகக் குறைந்தது.

மூன்றாவது, நாழிகைக் கணக்கு. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை 25 நிமிடத்துக்கு வைத்துப் படித்தார். பொமொடோரோ முறை என்று அது உலகமெங்கும் பரவியது. நம் நாழிகையைவிட ஒரு நிமிடம் கூடுதல், அவ்வளவுதான். ராத்திரி 8 மணிக்கு இரண்டு நாழிகை, எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் கூப்பிடக் கூடாது. பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் எழுதுகிறேன். செல்போன்கள் எல்லாம் டிவிக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒரு மணி நேரம் முழுசாகக் கிடைக்கும் என்று காத்திருந்தால் அது வராது. ஒரு நாழிகையைக் கேட்டு வாங்கலாம்.

நான்காவது, வேலையையே குறைத்தோம். வார நாட்களில் ஒரு குழம்பு, ஒரு பொரியல். வாரம் இரண்டு நாள் தெருமுனைக் கடையில் மாவு பாக்கெட். ஞாயிற்றுக்கிழமை பருப்புப் பொடி அரைத்து வைத்துவிடுகிறோம். ராத்திரி தாமதமாக வருகிறவர் பொடி போட்டுச் சாப்பிடுவார். சீருடையைத் தவிர எதற்கும் இஸ்திரி இல்லை. "ஊர் என்ன சொல்லும்" என்று அத்தை முதலில் தயங்கினார். பிறகு அவரே கோலத்தைப் புள்ளி குறைத்துப் போட ஆரம்பித்தார். முழங்கால் வலி குறைந்தது என்கிறார்.

ஐந்தாவது, மகன். ராத்திரிப் பாத்திரம் அவனுடையது. ஆரம்பத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இப்போது பாட்டுக் கேட்டுக்கொண்டே தேய்க்கிறான். மகளைக் கூப்பிட வாயெடுக்கும் ஒவ்வொரு முறையும் நான் ஒரு நொடி நிறுத்தி அவனைக் கூப்பிடுகிறேன். அவன் நாளைக்கு யாரோ ஒருத்தியோடு வாழப்போகிறவன். அவளுடைய நேரத்துக்கும் இன்றைக்கு நான் பொறுப்பு.

மறுபடியும் அதே நோட்டு

ஆறு மாதம் கழித்து இன்னொரு வாரம் எழுதினோம். எனக்கு 3 மணி 50 நிமிடம். கணவருக்கு 1 மணி 45. இன்னும் சமமாகவில்லை, பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். மகனுக்கு 30, மகளுக்கு 25. மிச்சமான நேரத்தில் நான் எழுதிய முதல் நீண்ட கட்டுரை நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பதுதான்.

அத்தையின் பக்கத்தைக் கடைசியாகப் புரட்டினேன். யாராவது அவரிடம் "என்ன பண்றீங்க" என்று கேட்டால், ஐம்பது வருடமாக அவர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று: "வீட்டுல சும்மாதான் இருக்கேன்." ஆட்டுக்கல்லில் அரைத்த காலத்திலும் அதுதான், நான்கு பிள்ளைகளை வளர்த்த காலத்திலும் அதுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நேராக, நடுங்கும் கையெழுத்தில் எழுதியிருந்தார்: "மாடியில் காத்தாட உட்கார்ந்திருந்தேன். சும்மா."

அந்த வரியின் மேல் கணவர் பென்சிலால் ஒரு டிக் போட்டிருந்தார்.